மணவூர் வரைக்கும்

இரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றிவர வருடா வருடம் இலவசப் பாஸ் உண்டு. என் வீட்டுக்காரர் அரக்கோணம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். கூட வேலை பார்த்தவர்கள் காசி, ஹரித்வார், ஆக்ரா என்று போய்வந்து ஷெட்டில் இனிப்புப் பெட்டியைப் பிரிப்பார்கள். இவர் தன் பங்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டு எனக்குக் கொண்டுவருவார். ஆக்ரா பேட்டா, அந்தப் பூசணி மிட்டாய், எப்படி இனிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆக்ரா எப்படி இருக்கும் என்று தெரியாது.

எங்கள் பாஸ் பயன்படாமலே காலாவதியாகும். காரணம் என் கொழுந்தன்.

அவன் என் வீட்டுக்காரருக்குப் பல வருடம் இளையவன். பிறந்தபோது மூச்சுத் திணறியதாம். உடம்பு வளர்ந்தது, அறிவு ஐந்தாறு வயதில் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைதான் பேசுவான். மாமனார் நகரிப் பக்கத்துக்காரர் என்பதால் வீட்டில் பாதித் தெலுங்கு புழங்கும். அப்பாவை நைனா என்பான், அண்ணியான என்னை வதினா என்பான். நான் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த அன்று என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "வதினா, புதுசு" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலைதான் அவன் இடம். அங்கே ஒரு பலகை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பொதட்டூர்பேட்டை லுங்கிகள், எல்லாம் ஒரே நீலக் கட்டம். வேறு நிறம் கொடுத்தால் கட்டமாட்டான். வேறு இடத்தில் படுக்கமாட்டான். வேறு வீட்டுக் கழிப்பறைக்குப் போகமாட்டான், வயிறு உப்பி அழுதாலும் போகமாட்டான். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் பம்பையுமாக அதிரும்போது எங்கள் வீட்டில் ஜன்னல்கள் சாத்தியிருக்கும். இவர் லீவு போட்டுவிட்டு, தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

மாமியார் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு அவன் எங்களிடம் வந்தான். வந்தான் என்பதுகூடச் சரியில்லை, இருந்த இடத்திலேயே இருந்தான், நாங்கள்தான் அவனைச் சுற்றி நகர்ந்துகொண்டோம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்ததும் அவனால்தான்.

ஒரே ஒரு முறை, புத்தூரில் இருக்கும் என் நாத்தனார், "நான் வெச்சுக்கறேன், நீங்க எங்கனா போய்ட்டு வாங்க" என்று அவனைக் கூட்டிப்போனார். ராமேஸ்வரம் போவதாக மூட்டை கட்டினோம். கிளம்பும் நாள் காலையில் நாத்தனார் அழுதுகொண்டே போன் செய்தார். இவன் விடியும்போதே வீட்டைவிட்டு இறங்கி நடந்திருக்கிறான். இவர் ஓடினார். நகரி பஸ் ஸ்டாண்டில் காலெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். நேராகப் போய் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டான். நான் கட்டிய மூட்டையை அவிழ்த்துத் துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். அதற்குப் பிறகு நாங்கள் ஊர்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் திடீரென்று சொன்னார்.

"இன்னாமே, அவனால வீட்ட வுட்டு வர முடியாது. அவ்ளோதானே? அப்ப வீட்டையே இட்டுகினு போலாம்."

எனக்குப் புரியவில்லை. "வீட்ட எப்படிங்க இட்டுகினு போவீங்க? கழட்டி எடுத்துகினா?"

"ஆங், அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

அரக்கோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், எந்தக் கம்பெனியோ விளம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு திரிந்த டிரெய்லர் ஒன்று கிடந்தது. சக்கரங்கள் நன்றாக இருந்தன, மேலே பெட்டி துருப்பிடித்திருந்தது. அதை வாங்கினார். இழுப்பதற்கு ஒரு பழைய ஜீப்பையும் பார்த்தார். ஷெட்டில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மணவூரில் இருந்தார், வெல்டிங்கில் கை தேர்ந்தவர். இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் அந்தப் பெட்டியை நிறுத்திவைத்து வேலை செய்தார்கள். எதிர் வீட்டு அம்மா தினமும் வந்து பார்த்துவிட்டு, "தேர் எப்பம்மா கிளம்புது?" என்று கேட்பார்.

உள்ளே மூன்று படுக்கை, ஒரு சின்ன அடுப்பு மேடை, பின்பக்கம் கழிப்பறை. வீட்டில் இருக்கும் அதே சிவப்பு வாளி, அதே மாதிரி சொம்பு. இவர் அதோடு நிற்கவில்லை. மாடிப்படியின் அடியில் டேப் பிடித்துச் சரிவை அளந்தார். டிரெய்லரின் ஒரு மூலையில் அதே சரிவில், அதே அகலத்தில், தகட்டைப் படிக்கட்டாக மடித்துப் பற்றவைத்தார். மேலே ஏறிப்போக மாடி இல்லாத மாடிப்படி. அடியில் அதே மாதிரி பலகை. பெயிண்டுகூட வீட்டுச் சுவரில் இருக்கும் வெளிறிய பச்சைதான். நான் திரை தைத்துக் கொடுத்தேன். நீலக் கட்டத் துணியில்தான் தைத்தேன்.

எல்லாம் முடிந்து, பதிவு வாங்கி, பொங்கல் கழித்துக் கிளம்புவதாக இருந்தோம். பெங்களூரில் இருந்த எங்கள் மகள் அப்போது பிரசவத்துக்காக வந்திருந்தாள். பொங்கலுக்கு நாள் இருக்கிறது, அதற்குள் குழந்தை பிறந்துவிடும், அவளைக் கொண்டுபோய் விட்ட கையோடு அப்படியே போகலாம் என்பது திட்டம். குழந்தை நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. சென்னையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். நான் மகளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், இவர் தம்பிக்குச் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். குழந்தை தேறியது. தேறி, தலை நின்று, குப்புற விழுந்து, மகள் ஊர் திரும்பும்போது வெயில் காலம் வந்துவிட்டது. தகரப் பெட்டிக்குள் வெயிலில் யார் உட்காருவது? மழை வரட்டும் என்றோம். மழை வந்தது. துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். உள்ளே கம்பி வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்த டிரெய்லர் தெரியும். அதன் மேல் எதிர் வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது.

என் கால் சரியாவதற்குள் இவர் இன்னொரு வேலையில் இறங்கியிருந்தார். தம்பியைப் பெட்டிக்குப் பழக்குவது.

முதலில் அவன் ஏறவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு "வேணாம், வேணாம்" என்றான். இவர் உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்து காபி குடித்தார். அடுத்த நாளும் குடித்தார். சில நாள் கழித்து இவன் ஒரு காலை உள்ளே வைத்தான். பிறகு உட்கார்ந்தான், அந்தச் சரிவைத் தடவிப் பார்த்தான். "படி" என்று சிரித்தான். அதன்பிறகு தகரப் பெட்டியை அவனே தூக்கிப் போய் உள்ளே வைத்தான். ஆனால் ஜீப்பில் மாட்டி இழுத்ததும் அலறிவிட்டான். அந்தச் சத்தத்தில் தெருவே வெளியில் வந்தது. இவர் உடனே நிறுத்தினார். அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் வண்டியை இரண்டு அடி நகர்த்துவார், நிறுத்துவார், உள்ளே வந்து தம்பி முகத்தைப் பார்ப்பார். மறுநாள் இன்னும் கொஞ்சம். தெருமுனை வரை போக ஒரு கார்த்திகை மாதமே ஆனது. பைபாஸ் வரை போனபோது தம்பி தூங்கிவிட்டான். இவர் வண்டியை ஓரம் கட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஜீப்பில் இருந்த என்னிடம் வந்து, "தூங்கறான்மே" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்படித்தான் ஒரு தை மாதத்தில் மணவூருக்குப் போனோம்.

திருவாலங்காடு வழியாகப் போனால் பெரிய தூரம் இல்லை. சைக்கிளில் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது வெளியூர். வெல்டிங் நண்பரின் கொல்லை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. கொய்யா மரங்கள், ஒரு பம்புசெட் அறை, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். இவர் அடுப்பைப் பற்றவைத்து ரவை உப்புமா கிண்டினார், அடிப்பிடிக்க வைத்தார். நண்பர் கொய்யாவை நறுக்கி மிளகாய்த்தூள் போட்டுக் கொண்டுவந்தார்.

முதல் ரயில் வந்தபோது நான் பயந்து கொழுந்தன் பக்கம் ஓடினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான். ரயில் போய்விட்டது. பெட்டி அப்படியே இருந்தது, படி அப்படியே இருந்தது. அடுத்த ரயிலுக்குக் காதைப் பொத்தினான், ஆனால் சுருளவில்லை. அதற்கடுத்த ரயில் வரும்போது திரையை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, இவன் ரயிலப் பாக்கறான்மே" என்றார் இவர். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் இன்ஜினுக்கு அடியில் கிடந்த மனிதர், அதுவரை தம்பிக்கு ஒரு ரயிலைக் காட்ட முடிந்ததே இல்லை.

மறுநாள் காலையில் டிரெய்லர் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தேன். எதிரே என்னுடையதல்லாத மரங்கள், யாரோ ஒருவருடைய எருமை. வேறு ஊரில் கண் விழிப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கே போக வேண்டும் என்று இவர் கேட்டார். மேற்கே, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றேன். "நம்ம பக்கம் ஏறத்தான் செய்யுது" என்று சிரித்தார். "போலாம். மொதல்ல வேலூர், அப்புறம் ஓசூர், அப்படியே கீழ எறங்கிடலாம். அவனுக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா."

திரும்பி வந்த வாரத்தில் இவருடைய கால்கள் வீங்கின. ஜீப் ஓட்டியதால் என்றார். பிறகு முகம் வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பிரஷர் எத்தனை காலமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்?

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதோடு பயணம் என்ற பேச்சு முடிந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினோடு கட்டிப்போட்ட மனிதர் எந்த ஊருக்குப் போவார்?

மாற்றுக் கிட்னி பற்றி டாக்டர் பேசினார். எனக்குச் சர்க்கரை, ஆகாது. மகள் கொடுக்கிறேன் என்றாள். "கைக்குழந்தைய வெச்சுகினு இன்னா பேச்சு பேசற" என்று இவர் போனை வைத்துவிட்டார். "கூடப் பொறந்தவங்க யாராவது?" என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்கு வயதாகிவிட்டது, அவருக்கும் சர்க்கரை என்றார் இவர். "வேற?" என்றார் டாக்டர். இவர், "வேற யாரும் இல்லிங்க" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவரையே பார்த்தேன். என் கொழுந்தனுக்கு ஜலதோஷம்கூட வருவதில்லை.

"இன்னா பாக்கற?" என்றார். "அவன்கிட்ட கேட்டா சரின்னுதான் சொல்வான். எதுக்குச் சரின்னு தெரியாமயே சொல்வான். அதுக்குப் பேரு கேக்கறது இல்ல. புடுங்கறது."

சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குச் சட்டம் தெரியாது. வீட்டுக்கு வந்து கொழுந்தனுக்கு இரண்டு கரண்டி கூடுதலாகச் சோறு போட்டேன்.

டயாலிசிஸுக்கு அவர் தனியாகத்தான் போனார். இருவரையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள எனக்கு இரண்டு உடம்பு இல்லை. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் அரக்கோணம் தாண்டி, மணவூர் தாண்டி, திருவள்ளூர். மணவூர் நண்பர் பல நாள் அங்கிருந்து ஏறிக்கொண்டு கூடப் போவார். இவர் கிளம்பும்போது தம்பி வாசலில் நின்று, "அண்ணா எங்க?" என்பான். ஆஸ்பத்திரி என்றால் அவனுக்கு ஊசி ஞாபகம் வந்து அழுவான். அவன் நிம்மதியாகப் போய்வந்த வெளியூர் ஒன்றுதான். அதனால் நான், "மணவூருக்குப் போறாரு. சாயங்காலம் வந்துடுவாரு" என்பேன். "ஆங், மணவூரு" என்று உள்ளே போய்விடுவான். சாயங்காலம் இவர் வெளுத்துப்போய்ப் படியேறுவார். "மணவூரு?" என்று தம்பி கேட்பான். "ஆங், மணவூருதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இப்படி இரண்டு வருடம் போனது. இந்த மாதிரியே இன்னும் பல வருடம் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், இவர் போன கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரஷர் இறங்கிவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். எதிர் வீட்டு அம்மா ஊரில் இல்லை. கொழுந்தனுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல், என்றைக்கும் வராத காய்ச்சல். ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். அவனையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் ஏறமாட்டேன் என்கிறான். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "வதினா, வேணாம், வதினா." விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அவன் கையில் அவ்வளவு பலம். ஆட்டோக்காரரும் வந்து கெஞ்சிப் பார்த்தார். புத்தூருக்குப் போன் செய்து நாத்தனாரை வரச் சொன்னேன். அவர் பஸ் பிடித்து வந்து சேரும்போது உச்சி வெயில். அவர் வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகுதான் என்னால் வாசல் தாண்ட முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணவூர் நண்பர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு வந்தார். "அண்ணி, நான்தான் கூட இருந்தேன். கஷ்டப்படல அண்ணி" என்றார். அவர் ஏன் செருப்பைக் கழற்றினார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மேளம் வந்தது. முதல் அடி விழுந்ததுமே கொழுந்தன் ஓடிப்போய் டிரெய்லருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். தட்டிக் கூப்பிட்டார்கள், திறக்கவில்லை. விடுங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனதை அவன் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் அவன் பெட்டியைவிட்டு இறங்கவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்குள் அந்தப் படியின் அடி காலியாகக் கிடந்தது. "அண்ணா?" என்று கேட்டதற்கு நாத்தனார், "சாமிகிட்ட போய்ட்டாரு" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் சாமி மலைமேல் இருக்கிறார். அவன் டிரெய்லர் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலைக்குப் போனவர் இறங்கி வரத்தானே வேண்டும்?

அந்த நாட்களில் அவனை என்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. தட்டை வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் புடவையில் அவன் பிடித்த இடத்தில் ஓரம் கிழிந்திருந்தது. ஊசி நூல் தினமும் கையில் இருக்கிறது, அதைத் தைக்கத் தோன்றவில்லை.

ஒரு காலையில் தட்டை வைத்தபோது உள்ளிருந்து கேட்டான். "வதினா, மணவூரு?"

எனக்கு முதலில் புரியவில்லை. "இன்னாடா?"

"அண்ணா மணவூரு. போலாம். பொட்டி போலாம்."

மலையிலிருந்து வரவில்லை என்றால் மணவூரில்தான் இருக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். அவனுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கியவள் நான். அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. வண்டி நகரும் என்று தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஜீப் பக்கம் யாராவது நடந்தால் எழுந்து உட்காருவான்.

மணவூர் நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் வந்து ஓட்டறேன் அண்ணி. நீங்க ரெடியா இருங்க" என்றார்.

வழியெல்லாம் கொழுந்தன் ஒரு சத்தமும் போடவில்லை. கொல்லையில் வண்டி நின்றதும் அவனே கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். போன முறை இதே இடத்தில் பெட்டியைவிட்டு வெளியே காலே வைக்கவில்லை. நேராகப் பம்புசெட் அறைக்குப் போனான், உள்ளே பார்த்தான். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு கொய்யா மரமாகச் சுற்றிவந்தான். பிறகு வேலியோரம் போய் நின்றான். ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்று ஆட்கள் இறங்கினார்கள். பால் கேன்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், காய்கறிக் கூடையோடு பெண்கள். ஒவ்வொருவராகப் பார்த்தான். ரயில் போனது, அடுத்த ரயில் வந்தது. காதைப் பொத்தவே இல்லை. நண்பர் என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

வெயில் தாழ்ந்தபோது அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா இங்க இல்லப்பா" என்றேன்.

"மணவூரு" என்றான்.

"இங்கயும் இல்ல. எங்கயும் இல்ல. செத்துப்போய்ட்டாரு."

அந்த வார்த்தையை அதுவரை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா மாதிரி?" என்று கேட்டான்.

"ஆங். அம்மா மாதிரி."

அவன் அழவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான். லுங்கி முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. நானும் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன், கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு. அவன் தலையை என் தோளில் வைத்தான். நரைத்த தலை. எண்ணெய் வைத்து எத்தனை நாள் ஆனது என்று அப்போதுதான் கவனித்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, காரியத்தில் எல்லாரும் பார்க்க வராதது, அங்கே வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கையாலும் என் காதைப் பொத்தினான்.

அழுகையை நிறுத்த அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது வதினா" என்றான். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பழைய மூலைக்கே போய்விட்டான். அதன்பிறகு டிரெய்லர் பக்கம் போகவில்லை, மணவூர் என்று கேட்கவும் இல்லை. நான் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் பெயிண்ட் வாசனை அடித்தது. மேற்கே போக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. போகிற ஊரில் போய் யாரிடம் என்ன சொல்வது? சென்ற மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் வந்து பார்த்தார். சந்தைக்குச் சந்தை இழுத்துக்கொண்டு போய்த் துணி விற்க வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். அந்தச் சாய்ந்த தகட்டை என்ன செய்வது என்று கேட்டார். வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். கொழுந்தன் ஜன்னலில் நின்று வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் தன் மூலைக்குப் போனான்.

எனக்கு இப்போது வலது கண்ணில் பார்வை மங்குகிறது. சர்க்கரை என்கிறார்கள். ஊசியில் நூல் கோர்க்க எதிர் வீட்டு அம்மாவிடம் போகிறேன். அவன் என்னைவிடச் சின்னவன், அவன் உடம்பு என் உடம்பைவிட உறுதி. எனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்று நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை. மகளிடம் இதைப் பற்றி நான் பேசியதில்லை. அவளாகவே ஒரு நாள் ஆரம்பித்தாள். சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிடுகிறாள், என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சித்தப்பாகிட்ட குடும்மா" என்கிறாள். அவனுக்கு இவள் இன்னும் பாப்பாதான், ஆனாலும் முதலில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அவள் மறுநாளும் கூப்பிடுவாள். "சித்தப்பா, சாப்ட்டியா?" என்பாள். பதில் வராது. "இன்னா கொழம்பு சித்தப்பா?" பதில் வராது. அவள் பாட்டுக்குத் தன் வீட்டில் என்ன குழம்பு, குழந்தை என்ன செய்தது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் முடிந்து களைத்துப்போன முகம். அப்பாவைப் போலவே இவளும் இப்போதே அவனைப் பழக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது.

நேற்று அவள் கூப்பிட நேரமாகிவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். படிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"வதினா, பாப்பா போன்?"

"வரும்பா" என்றேன். "பஸ்ஸுல வந்துகினு இருப்பா."

"ஆங்" என்றான். எழுந்து வந்து, போன் இருந்த தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.